பாட்டி சீவிய மரம் வீட்டுக்கு வரட்டும்

புது வீட்டுச் சாவி கைக்கு வந்த இளம் தம்பதிகள் என்னைப் பார்க்க வரும்போது முதலில் நீட்டுவது கைப்பேசியைத்தான். வீட்டின் வரைபடம் பிறகுதான் வரும். கைப்பேசியில் இருக்கும் படங்கள் ஏறக்குறைய எல்லாரிடமும் ஒன்றே. வெண்ணெய் நிறச் சுவர், தேன் நிற மரமேசை, தாழ்வான சோபா, மூலையில் ஒரு மண்ஜாடி, அதில் ஒற்றைக் கிளை. "இந்த மாதிரி வேணும் அக்கா. சிம்பிளா இருக்கணும், ஆனா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கக் கூடாது" என்பார்கள்.

அதே படத்தை உடன் வந்திருக்கும் அம்மாவோ மாமியாரோ பார்ப்பார். கொஞ்ச நேரம் பேசமாட்டார். பிறகு, "என்னம்மா இது, ஒன்னுமே இல்லாம லயத்து வீடு மாதிரி இருக்கு?" என்பார்.

ஜொகூரில் பல ஆண்டுகளாக உள்ளலங்கார வேலை பார்க்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வீடுகளில் கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பிள்ளைகள் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அங்கேயே நிற்கத் தோன்றும். இயற்கைப் பொருள்களால் ஆன எளிய வீடு என்ற ஆசை நம் குடும்பங்களில் சண்டையில்லாமல் நிறைவேற வேண்டுமென்றால், அந்த அம்மா சொன்னதிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும். இந்த வாரம் அதைத்தான் பேசப் போகிறோம்.

காலி அறையின் நினைவு

லயத்து வீட்டில் என்ன இருந்தது? ஒரு ட்ரங்குப் பெட்டி, சுருட்டி வைத்த பாய், கொடிக் கயிற்றில் துணி, விட்டத்தில் கட்டிய ஏணை, ஒரு சாமிப் படம், மண்ணெண்ணெய் விளக்கு. விடியுமுன் பெரட்டுக்குப் போய், தங்கள் நிரையில் மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை எடுத்து, காண்டா வாளியில் சுமந்து திரும்பியவர்களுக்கு அதற்குமேல் வாங்கிச் சேர்க்கச் சம்பளம் இடம் தரவில்லை. வீடும் தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போய்விடும்.

அந்த அறையிலிருந்து வெளியே வந்து, ஏதோ ஒரு தாமானில் மலிவு விலை வீடு வாங்கியவர்கள், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் வாங்கிய பொருள் பெரும்பாலும் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ்தான். அதில் பிள்ளைகள் பள்ளியில் வாங்கிய கோப்பைகள், பட்டமளிப்புப் படம், கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள், யாரோ இந்தியாவிலிருந்து கொண்டுவந்த தஞ்சாவூர் பொம்மை. எங்களுக்கென்று ஒரு வீடு இருக்கிறது, அதில் வைக்கப் பொருளும் இருக்கிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்ன அலமாரி அது.

ஆகவே, "அம்மா, ஷோகேஸைத் தூக்கிடலாம்" என்று மகள் சொன்னால் அம்மாவின் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. இத்தனை ஆண்டு உழைத்துச் சேர்த்ததைத் துடைத்துவிட்டு மறுபடியும் அந்தக் காலி அறைக்கே போகலாம் என்பதாகக் கேட்கிறது.

மகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதிகாலை 5 மணிக்குக் கடற்பாலத்து நெரிசலில் நின்று, சிங்கப்பூரில் பகல் முழுவதும் திரையைப் பார்த்துவிட்டு, இரவு 8 மணிக்கு வீடு திரும்புகிறவளுக்குக் கண்ணுக்கும் மனத்துக்கும் ஓய்வு வேண்டும். ஜொகூர் பாருவின் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். 1922இல் சிறியதாகத் தொடங்கிய அந்தக் கோயிலின் சுவரும் கூரையும் இன்று லட்சக்கணக்கான கண்ணாடித் துண்டுகளால் மின்னுகின்றன. வெள்ளிக்கிழமை போய் நின்றால் மெய்சிலிர்க்கும். ஆனால் அங்கே படுத்துத் தூங்க முடியாது. மின்னுவதற்கு ஓர் இடம், ஓய்வதற்கு ஓர் இடம்.

அம்மா கேட்பது மரியாதை, மகள் கேட்பது ஓய்வு. இரண்டையும் ஒரே வரவேற்பறையில் தர முடியுமா? முடியும் என்பது என் அனுபவம். அதற்கு உதவும் பொருள் நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

மரம்போல் இருப்பதும் மரமும்

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசிப் படங்களைப் பார்த்து இங்கே செய்யப்படும் "மர" வேலைகளில் பெருமளவு மரமே கிடையாது. சுவரில் வரிவரியாக ஒட்டுவது பிவிசி பேனல். தரையில் விரிப்பது மரக் கோடுகள் அச்சடித்த வினைல். தொலைக்காட்சிக்குப் பின்னால் எழுப்பும் அலமாரி, துகள்பலகையின் மேல் மரப்படம் போட்ட தாளை ஒட்டியது. தள்ளி நின்று பார்த்தால் அழகுதான். அருகே போய்க் கை வைத்தால் வழவழவென்று பிளாஸ்டிக். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால், ஒரு பலகையில் இருக்கும் அதே கண்ணு மூன்றாவது பலகையிலும் அதே இடத்தில் இருப்பது தெரியும்.

இவற்றை அடியோடு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தரையை அடிக்கடி துடைக்க வேண்டிய வீட்டில், பிள்ளைகள் ஓடும் வீட்டில், வினைல் வசதியானது. ஆனால் நாம் கேட்ட இதம் அதில் வராது. அந்த இதம் கை படும் இடத்தில் பிறக்கிறது. தினமும் உட்காரும் நாற்காலியின் கைப்பிடி, சாப்பிடும் மேசையின் ஓரம், படுக்கையின் தலைமாடு, கதவின் பிடி. இந்த நான்கும் உண்மையான மரமாக இருந்தால், மற்ற இடங்களில் வெறும் சாயம் பூசிய சுவரே போதும்.

"உண்மையான மரமா? ஓக் மரத்துக்கு எங்கே போவது அக்கா, விலை என்ன ஆகும்?" என்று கேட்பார்கள். கைப்பேசியில் வரும் படங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகள். அங்கே ஓக் கிடைக்கிறது, போடுகிறார்கள். நமக்கு மூவார் இருக்கிறது.

மூவாருக்குப் போகும் மரம்

ஜொகூர் பாருவிலிருந்து காரில் ஏறக்குறைய 2 மணி நேரம். மலேசியாவின் மரச்சாமான் ஏற்றுமதியில் பெரும்பங்கை அனுப்பும் ஊர் அது. அங்குள்ள தொழிற்சாலைகள் பெரிதும் நம்பியிருப்பது ரப்பர் மரத்தை. ஆம், நம் தாத்தா பாட்டி சீவிய அதே பால்மரம்.

1896இல் மலாக்காவில் டான் சாய் யான் முதல் ரப்பர் தோட்டம் போட்டதிலிருந்து, இந்த மரத்தை எல்லாரும் பாலுக்காகத்தான் வளர்த்தார்கள். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்துவிடும். பிறகு மரத்தைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். சாய்த்த மரம் நீண்ட காலம் விறகாகத்தான் போனது. ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்த, செங்கல் சூளையை எரிக்க, லயத்து அடுப்புக்கு. மீதியைத் தோட்டத்திலேயே கொளுத்தினார்கள்.

அதைப் பலகையாக்க ஏன் யாரும் நினைக்கவில்லை? ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்துப் போட்ட சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். துளைவண்டு புகுந்து பொடியாக்கிவிடும். இதற்கு வழி கண்டபோதுதான் கதை மாறியது. அறுத்த உடனே பலகையை அழுத்தக் கலத்தில் வைத்துப் போரான் உப்புக் கரைசலை உள்ளே செலுத்துவது, பிறகு சூட்டறையில் வைத்து ஈரத்தை முறையாக இறக்குவது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகளுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. 1980களில் இந்த மரம் மரச்சாமான் தொழிலின் முதுகெலும்பாகிவிட்டது. விறகாக எரிந்தது கப்பலேறியது. மலேசிய மரச்சாமான்களை அதிகம் வாங்கும் நாடு அமெரிக்கா. அங்கே ஏதோ ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடும் நாற்காலி, குளுவாங்கிலோ செகாமட்டிலோ நம்மவர் சீவிய மரமாக இருக்கலாம்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். இளைஞர்கள் இன்று ஆசைப்பட்டு வீடு வாங்கும் மவுண்ட் ஆஸ்டின், ஒரு காலத்தில் ஜொகூரின் பெயர்பெற்ற ரப்பர் தோட்டம். தெப்ராவ் பெயரிலும் தோட்டம் இருந்தது. பால்மரம் நின்ற அதே மண்ணில் வீடு வாங்கி, அந்த வீட்டுச் சுவரில் மரப்படம் அச்சடித்த பிளாஸ்டிக்கை ஒட்டுகிறோம். உண்மையான மரம் நம் மாநிலத் துறைமுகம் வழியாகவே வெளிநாட்டுக்குப் போகிறது.

ஒரு வீட்டில் மாமியாரிடம் மேசையைக் காட்டி, "இது என்ன மரம்னு தெரியுதா அம்மா?" என்று கேட்டேன். தடவிப் பார்த்தார், குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். "பால்மரம்" என்றதும் நம்பவில்லை. "இதையா நாங்க அடுப்புல வச்சோம்?" என்றார். அதன்பின் அந்த வீட்டில் லயத்து வீடு என்ற பேச்சு எழவில்லை. வருகிறவர்களுக்கு மேசையைக் காட்டிக் கதை சொல்வது அவர்தான். ஷோகேஸ் செய்த வேலையை இப்போது அந்த மேசை செய்கிறது.

மண்ணும் தோட்டத்திலிருந்துதான்

படங்களில் வரும் மண்ஜாடிக்கும் வெளிநாட்டுக் கடையைத் தேட வேண்டாம். ஆயர் ஹீத்தாம், மாச்சாப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சாலையோரம் வரிசையாகப் பானைகள் நிற்கும். நீளமாக மேட்டில் ஏறும் டிராகன் சூளைகளுக்குப் பேர்போன பகுதி அது. இந்த வகைச் சூளைகள் சிங்கப்பூரிலும் தென் மலாயாவிலும் இயங்கிய காலத்தில் சுட்டுத் தள்ளிய பொருள்களில் ஒன்று எது தெரியுமா? ரப்பர் தோட்டங்களுக்கான மங்கு. பாட்டி தினமும் துடைத்து மரத்தில் மாட்டிய அதே மங்கு.

பழம்பொருள் கடைகளில் அந்த மங்குகளை இப்போதும் பார்க்கிறேன். சிறு செடி வைக்க, சாவி போட, சாமி மேடையில் உதிரிப்பூ வைக்க அளவாக இருக்கும். வீட்டில் பழைய மங்கு இருந்தால் தூக்கி எறியாதீர்கள். எந்த அலங்காரக் கடையிலும் கிடைக்காத பொருள் அது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ரப்பர் மரத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிவிட்டேன் என்பதற்காக அதைத் தேக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு எல்லை உண்டு.

வீட்டுக்குள் மட்டும்தான் அது வாழும். மழை, வெயில் படும் முன்வாசலுக்கோ, குளியலறைக்கோ, பின்கட்டுத் துவைக்கும் இடத்துக்கோ ஆகாது. பலகைக்குள் ஏற்றிய போரான், தொடர்ந்து தண்ணீர் பட்டால் கரைந்து வெளியேறிவிடும். பிறகு பூஞ்சையும் வண்டும் வரும். கரையானுக்கும் இது பிடித்த மரம்தான். வீட்டுக்குக் கரையான் தடுப்பு செய்யாமல் மரச்சாமானைக் குறை சொல்லிப் பயனில்லை.

பலகைகள் சிறு சிறு துண்டுகளாகப் பல்லுப்பல்லாய்க் கோத்து ஒட்டியிருக்கும். இதைப் பார்த்து "ஒட்டுப்பலகை" என்று ஒதுக்காதீர்கள். ரப்பர் மரம் பெரிதாக ஓங்கி வளர்வதில்லை, சீவிய வடுக்களும் இருக்கும். நல்ல பகுதிகளை வெட்டியெடுத்துச் சேர்ப்பதுதான் முறை. சரியாகச் செய்த இணைப்பு வலுவாக நிற்கும்.

கடையில் "ரப்பர் வுட்" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கால்கள் முழு மரமாகவும் மேற்பலகை எம்டிஎஃப் பலகையாகவும் இருப்பது சாதாரணம். கண்டுபிடிப்பது எளிது. மேசையின் ஓரத்தைப் பாருங்கள். மேற்பரப்பில் ஓடும் மரக்கோடு ஓரத்தில் இறங்கி வருகிறதா, அல்லது ஓரத்தில் பட்டையாக ஏதேனும் ஒட்டியிருக்கிறதா? குனிந்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். மேலே மரம், கீழே வழவழப்பான தவிட்டு நிறப் பலகை என்றால் விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

நம் நாட்டில் எம்டிஎஃப் பலகையும் பெரும்பாலும் ரப்பர் மரத்தை நாராக்கிச் செய்ததுதான். ஆகவே அதை இழிவாகப் பேச வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது அதிலுள்ள பசை. அதிலிருந்து ஃபார்மால்டிஹைட் என்ற வாயு மெல்ல வெளிவரும். புது அலமாரியைத் திறந்ததும் கண் எரிகிறதே, அதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. பயந்து அலமாரியே வேண்டாம் என்று முடிவெடுக்கத் தேவையில்லை. குத்தகையாளரிடம் இ1 அல்லது அதைவிடக் குறைந்த இ0 தரப் பலகையைக் கேளுங்கள், மேற்கோள் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். ஓரங்களை முழுவதுமாக மூடச் சொல்லுங்கள். குடிபுகுமுன் இரண்டு மூன்று வாரம் சன்னலையும் அலமாரிக் கதவையும் திறந்து போடுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் குழந்தையின் அறைக்கு முழு மரக் கட்டிலைத் தேர்ந்தெடுங்கள்.

வெயிலும் வெள்ளமும்

குளிர்நாட்டுப் படங்களைப் பார்த்து நாம் மறந்துவிடும் ஒன்று உண்டு. அங்கே வீடு சூட்டைப் பிடித்து வைக்க வேண்டும். நமக்கு வீடு சூட்டை வெளியே விட வேண்டும். ஜொகூரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. கண்ணுக்கு இதமான வீடு, உடம்புக்குக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும்.

நம்மில் பலர் வாங்குவது 20க்கு 65 அல்லது 22க்கு 70 அடி தெரஸ் வீடு. நடு வரிசை வீடு என்றால் சன்னல் முன்னும் பின்னும் மட்டும்தான். இதில் முதல் வேலையாகப் பின்பக்கத்தை இழுத்துச் சமையலறையைப் பெரிதாக்கி, காற்று வரும் ஒரே வழியையும் அடைத்துவிடுகிறார்கள். பிறகு பகலிலும் விளக்கு, நாள் முழுவதும் ஏர்கோன். பின்பக்கத்தை நீட்டுவதென்றால் நகராண்மையின் அனுமதி எடுத்து, கூரையில் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வழிவிட்டு, சுவரில் துளைக்கல் வைத்துக் கட்டுங்கள். பழைய வீடுகளில் படிக்கட்டோரம் பூப்போட்ட துளைக்கற்கள் இருக்குமே, அவைதான். சூடு மேலே ஏறி வெளியே போகும்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. ஜொகூரின் மரபான லிமாஸ் வீட்டைப் பாருங்கள். தரையிலிருந்து தூக்கிக் கட்டிய தளம், நீளமான சன்னல்கள், சுவரின் மேற்பகுதியில் காற்றுப் போகச் செதுக்கிய மரப்பின்னல். உள்ளே சாமான்கள் குறைவு, பாய் விரித்து உட்காருவார்கள். இந்த ஊர் வெயிலில் வாழ்ந்து தெரிந்துகொண்டவர்கள் கட்டிய வீடு.

வெள்ளத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில் பத்து பகாட், செகாமட் வட்டாரங்களில் வீடுகளுக்குள் புகுந்த தண்ணீர், சில இடங்களில் வாரக்கணக்கில் வடியவில்லை. தண்ணீரில் ஊறிய துகள்பலகை ரொட்டிபோல் உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. முழு மரத்தைக் கழுவி நிழலில் உலர்த்தினால் பல சமயம் காப்பாற்றலாம். தாழ்வான பகுதியில் வீடு உள்ளவர்கள், சுவரோடு தரைவரை அடிக்கும் அலமாரிகளைக் குறைத்து, காலுள்ள, தூக்கி மாடிக்குக் கொண்டுபோகக்கூடிய சாமான்களை வாங்குங்கள். குறைவான பொருள் இருந்தால் தண்ணீர் வரும் இரவில் தூக்குவதும் எளிது.

மிகக் குறைந்த செலவில் ஒரு மாற்றம்

இத்தனையும் செய்யப் பணமில்லை என்பவர்கள் முதலில் விளக்கை மாற்றுங்கள். நம் வீடுகளில் வரவேற்பறையிலும் படுக்கையறையிலும் எரிவது பெரும்பாலும் 6500 கெல்வின் "டேலைட்" விளக்கு. மளிகைக் கடை வெளிச்சம். அதன் கீழ் எந்த மரமும் சாம்பல் பூத்துத் தெரியும். மாலை நேரத்துக்கு 2700 முதல் 3000 கெல்வின்வரை உள்ள மஞ்சள் சாயல் விளக்குகளைப் போடுங்கள். கூரை நடுவில் ஒன்று என்பதைவிட, சோபா அருகே ஒன்று, மூலையில் ஒன்று என்று தாழ்வாக வையுங்கள். சமையலறையிலும் பிள்ளைகள் படிக்கும் மேசையிலும் வெள்ளை வெளிச்சம் இருக்கட்டும். குத்துவிளக்கின் வெளிச்சத்தில் வீடு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். மாலையில் அந்த நிறத்தை நோக்கிப் போனால் போதும்.

நம் வாழ்க்கைக்கு ஏற்றபடி

படத்தில் வரும் வீட்டில் யாரும் சாம்பார் வைப்பதில்லை. நாம் வைக்கிறோம். வெளிர் நிற மரத்தில் மஞ்சள் கறை பிடித்தால் போகாது. சாப்பாட்டு மேசைக்கு வெறும் எண்ணெய்ப் பூச்சு போதாது; தண்ணீர் புகாத லேக்கர் பூச்சு கேளுங்கள். அடுப்பு மேடைக்கு மரம் வேண்டாம், கல்லே சரி.

சாமி மேடையை முழு மரத்தில் செய்வது அழகு. ஆனால் விளக்கெண்ணெயும் குங்குமமும் சிந்தும், கற்பூரச் சூடு படும். மேற்பலகையில் ஒரு கருங்கல் துண்டையோ பித்தளைத் தாம்பாளத்தையோ பதித்துவிடுங்கள். மேலே ஓர் அடிக்காவது மரம் இல்லாமல் விட்டால் புகைக்கறை படியாது, தீப்பயமும் குறையும்.

தீபாவளிக்கு 40 பேர் வருவார்கள், ஒரு சோபா போதுமா என்று மாமனார் கேட்பார். சரியான கேள்வி. பெரிய சோபா செட்டுக்குப் பதில் ஒரு நடுத்தர சோபாவும், ரப்பர் மரத்தில் இரண்டு நீள பெஞ்சுகளும் செய்யச் சொல்லுங்கள். மற்ற நாள்களில் ஒன்று சாப்பாட்டு மேசைக்கு, ஒன்று வாசலில் காலணி மாட்ட. விருந்தன்று இரண்டும் வரவேற்பறைக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்கு மெங்குவாங் பாய் விரித்தால் போதும். நம் தாழம்பாயின் உறவுதான் அது. நடுவில் இடம் காலியாக இருப்பதால் பேரப்பிள்ளை தவழவும், கோலம் போடவும் தடையில்லை. காலி இடத்தின் பயனை இப்படிக் காட்டினால் பெரியவர்கள் மறுப்பதில்லை.

பணம் எங்கே போக வேண்டும்

35 ஆண்டு வீட்டுக்கடன் தலையில் ஏறிய அடுத்த மாதமே, புதுப்பிப்பு வேலைக்கென்று தனிக்கடன் எடுக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. தொழிலுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று சக வடிவமைப்பாளர்கள் கோபித்தாலும் சொல்கிறேன், எல்லாவற்றையும் குடிபுகுமுன் முடிக்க வேண்டியதில்லை.

என் வரிசை இதுதான். முதலில் ஒழுகல், மின்கம்பி, காற்று, கரையான். பிறகு விளக்கு. பிறகு தினமும் கை படும் நான்கு பொருள்கள், அவற்றை முழு மரத்தில். சுவருக்கு நல்ல சாயம், இளம் நிறம். அதன்பின் ஓராண்டு அந்த வீட்டில் வாழ்ந்து பாருங்கள். மாலை வெயில் எந்தச் சுவரைச் சுடுகிறது, காலையில் எல்லாரும் எங்கே இடிபடுகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். சுவரோடு அடிக்கும் அலமாரிகளை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள். பாதி தேவைப்படாது.

மூவாரில் உள்ளூர் மக்களுக்கு விற்கும் காட்சிக்கூடங்களும் உண்டு. ஒரு ஞாயிறு குடும்பத்தோடு போய்வாருங்கள். பெரியவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மரத்தைத் தட்டிப் பார்ப்பதில் அவர்களுக்கு நம்மைவிட அனுபவம் அதிகம்.

ஷோகேஸை என்ன செய்வது?

கடைசியாக அந்தக் கண்ணாடி அலமாரி. அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அதை வாங்கியவருடையது. நான் வழக்கமாகச் சொல்வது இது. அம்மாவிடம் போய், "இதுல உங்களுக்கு ரொம்ப முக்கியமானது எது?" என்று கேட்டு, அவர் எடுத்துத் தரும் ஐந்தாறு பொருள்களுக்கு வரவேற்பறையிலேயே ஒரு திறந்த மரத்தட்டு அமைத்துக் கொடுங்கள். மேலே ஒரு மஞ்சள் விளக்கு. ஐம்பது பொருள்களுக்கு நடுவே மறைந்திருந்த பட்டமளிப்புப் படம் அப்போது எல்லார் கண்ணிலும் படும். மற்றவற்றைப் பெட்டியில் பத்திரப்படுத்தி, தீபாவளிக்கு, பொங்கலுக்கு மாற்றி மாற்றி வைக்கலாம்.

அந்தத் தட்டைப் பால்மரத்தில் செய்யச் சொல்லுங்கள். பலகை வாங்கும்போது அதில் எங்காவது சீவிய வடு தெரிந்தால் ஆசாரியிடம், அதை மறைக்காமல் முன்பக்கம் வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் சமையலறை. புளியும் எண்ணெயும் தாங்கும் மேடைக் கற்களைப் பற்றிப் பேசுவோம்.